மேட்டில் மட்டும் லைன்

அரிசி டின்னுக்குள் போன் உறுமியது. இந்த வீட்டில் அது உறுமிப் பல மாதமாகிவிட்டது.

மோகனா சமையல்கட்டில் அசையாமல் நின்றாள். மழை விட்ட செம்பனைக் காட்டிலிருந்து அழுகிய பழக்குலையின் புளித்த வாடை ஏறிக்கொண்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டுகள் விட்டுவிட்டு விழுந்தன. நடுவீட்டில் புருஷன் தேவனின் படத்துக்கு முன்னால் விளக்குத் திரி பொரிந்தது. நாளைக்குக் கருமாதி. அதுவரை அவள் வாசற்படி தாண்டக்கூடாது.

வெளியே ஒரு வறட்டு இருமல். தேவனின் அண்ணன் இருளாண்டி.

"மோகனா, டவர ஓப்பன் பண்ணிட்டான் போல! 5ஜி, ஃபுல் லைன் லா!"

இப்போதா? சுங்கை ரம்பாய் டவுனுக்கு எப்போதோ வந்துவிட்டது. எஸ்டேட்டில் மட்டும் கம்பத்தை நட்டுவிட்டு, கேட்கும்போதெல்லாம் "அடுத்த மாசம், அக்கா" என்றார்கள். பழைய 3ஜியைப் பிடுங்குவதற்கு மட்டும் எவனும் அடுத்த மாதம் பார்க்கவில்லை. அதன்பிறகு போன் பேச வேண்டுமென்றால் சுடுகாட்டு மேட்டுக்குத்தான் ஏற வேண்டும். லைன் கிடைக்கும் ஒரே இடம் அதுதான்.

தேவனைப் பாம்பு கடித்த அன்றும் அங்கேதான் ஓடினாள். ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள் உடம்பு சில்லிட்டிருந்தது. இருளாண்டி மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "போச்சு" என்றார். பிறகு வந்த ஆம்புலன்ஸ்காரர்களும் அதையே சொன்னார்கள். மேட்டிலேயே புதைத்தார்கள்.

"போன் இல்லாட்டி அவனுக்குத் தூக்கம் வராது" என்று அவனுடைய பட்டன் போனையும் சவப்பெட்டிக்குள் வைத்தார்கள். ஒன்றாம் எண்ணை அழுத்தினால் மோகனாவுக்குப் போகும். வேறு நம்பர் எதுவும் அவனுக்கு மனப்பாடமில்லை. போகிறவன் குறையோடு போகக்கூடாதென்று, முழுக்க சார்ஜ் ஏற்றிக் கொடுத்தது அவள்தான்.

டின்னுக்குள் கைவிட்டுத் தன் போனை எடுத்தாள். லைன் இல்லாத சனியன் எதற்கென்று நேற்று அவளே வீசியது. துக்கம் கேட்டு வந்த செய்திகள் மடமடவென்று கொட்டின. உம்பாய் ஊரிலிருந்து தங்கை ராகினி. கூட வேலை செய்த சுசீலா. அதற்குக் கீழே, எடுக்காமல் போன அழைப்புகள்.

தேவன்.

பழையது. பழையதுதான்.

தேதியைப் பார்த்தாள். புதைத்த இரவு.

தேவன். மறுநாள் காலை. தேவன். தேவன். தேவன்.

குரல் செய்தி ஒன்று. விரல் தானாக அழுத்தியது.

முதலில் மூச்சு. பிறகு பலகையில் நகம் பிராண்டும் சத்தம். நாக்குக் குழறிய குரல். அதில் எரிச்சல்.

"மோகனா... இங்க லைன் நல்லாத்தான் இருக்கு. நீ ஏன் எடுக்க மாட்டேங்குற?"

"யாரும்மா போன்ல?" வாசலிலிருந்து இருளாண்டி கேட்டார்.

விரல் திரையை மேலே தள்ளியது.

இன்னொரு செய்தி இருந்தது. கடைசி. மேட்டில் பால் தெளித்த நாள். அன்று மேட்டுக்குப் போய்வந்த இருளாண்டி, "மண்ணு கொஞ்சம் எறங்கியிருக்கு, வேற ஒன்னுமில்ல" என்றிருந்தார்.

அழுத்தினாள்.

எங்கோ மேலே, செம்பு ஒன்று கல்லில் இடித்தது. மண்ணில் ஏதோ ஊற்றும் சத்தம். அந்த வறட்டு இருமல்.

பிறகு, மிக அருகில், எழும்பாத குரலில் தேவன் சொன்னான்:

"அண்ணன் வந்துட்டாரு, மோகனா. இனிமே பயமில்ல."