ஆழமா என்று கேட்டவள்

நவம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமை நானும் என் மனைவி டோர்கஸின் தம்பி ஜெத்ரோவும் விதர்பி மாளிகைக்குக் கல்வேலைக்காகப் போய்ச் சேர்ந்தோம். மாளிகைத் தோட்டத்து ஏரியின் குறுக்கே மூன்று வளைவுகளோடு ஒரு கல்பாலம் நிற்கிறது. இருநூறு வருஷத்துப் பாலம். நடு வளைவில் கற்கள் பிடி தளர்ந்திருந்தன. கழற்றி, புதுக் காரை வைத்துப் பூட்ட வேண்டும். அதற்காக மதகைத் திறந்து தண்ணீரை முழங்கால் அளவுக்கு இறக்கியிருந்தார்கள்.

வற்றிய ஏரியின் வாடை எனக்குப் பழக்கம்தான். சேறு, அழுகிய இலை. ஆனால் நடு வளைவின் அடியில் மட்டும் வேறொரு வாசனை. நெடுநாள் பெட்டியில் மடித்து வைத்த பட்டுத்துணியை விரித்தது போல.

மூன்று நாள் வேலை ஒழுங்காக நடந்தது. நான்காம் நாள் பிற்பகல் மூடுபனி இறங்கியது. முதலில் மாளிகை மறைந்தது, பிறகு கரை, பிறகு பாலத்தின் இரு முனைகளும். நடு வளைவுக்குக் கீழே கட்டிய சாரத்தின் மேல் நாங்கள் இருவர் மட்டும்.

அப்போது தலைக்கு மேல் காலடிச் சத்தம் கேட்டது. மெல்லிய காலணிகள், அவசரமில்லாத நடை. மாளிகைப் பக்கமிருந்து வந்து எங்களுக்கு நேர் மேலே நின்றது.

"கீழ யாரு?" ஒரு பெண் குரல். "தண்ணி ஆழமா?"

ஜெத்ரோவுக்கு வாய் சும்மா இருக்காது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"ஆழமெல்லாம் இல்லம்மா, முழங்கால்தான்! இறங்கி வா, நான் பிடிச்சுக்கிறேன்."

மேலே ஒரு சின்னச் சிரிப்பு.

திரும்பிப் போகும் காலடி கேட்கவில்லை.

நான் ஏணியில் ஏறிப் பார்த்தேன். யாருமில்லை. பாலத்தின் மேல் பனி ஈரம் சீராகப் படர்ந்திருந்தது. அதில் ஒரு தடம்கூட இல்லை.

தோட்டக்காரர் ஈனோக் தன் கொட்டகையில் எங்களுக்குத் தேநீர் போட்டுத் தருவார். ஜெத்ரோ இதை அவரிடம் வேடிக்கையாகச் சொன்னான். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பதில் சொன்னியா?"

"கேட்டா சொல்ல வேண்டாமா? இந்த வயசுல பொறாமையா பெரியவரே?"

"என்ன சொன்ன?"

சொன்னான். ஈனோக் எழுந்து போய்க் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஆழம்னு சொல்லணும் தம்பி. ரொம்ப ஆழம், வீட்டுக்குப் போம்மான்னு சொன்னா போயிடுவா. எங்கப்பாவும் அதத்தான் சொன்னாரு, நானும் அதத்தான் சொல்றேன். இறங்கி வான்னு இதுவரைக்கும் எவனும் கூப்பிட்டதில்ல."

"யாரு அவ?" என்றேன்.

"தெரியாது. கேட்டதில்ல. இருட்டுறதுக்குள்ள சாமானக் கட்டிட்டுக் கிளம்புங்க."

ஜெத்ரோ சிரித்தான். ஆனால் தேநீரைத் தொடவில்லை. "உளிய சாரத்துல விட்டுட்டேன் மச்சான். எடுத்துட்டு ஓடி வந்துர்றேன்" என்று எழுந்து போனான்.

நான் வேனில் வாளிகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவனுடைய பையை நகர்த்தியபோது உள்ளே கணகணத்தது. திறந்தேன்.

அவன் உளிகள் அத்தனையும் அதில் இருந்தன.

ஓடினேன்.

நடு வளைவின் கீழே முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தான் ஜெத்ரோ. முகம் மேலே. இரண்டு கைகளையும் உயர்த்தி நீட்டியிருந்தான், வண்டியிலிருந்து யாரையோ இறக்கிவிடுகிறவன் போல.

கைகள் மெதுவாகத் தாழ்ந்தன. அவற்றில் பாரம் இருந்தது.

நான் பார்த்தது அவ்வளவுதான். கைகளுக்கிடையே எதுவும் தெரியவில்லை. ஆனால் அவன் தோள்கள் வளைந்தன, முழங்கால்கள் மடிந்தன. சத்தமே இல்லாமல் முகம் தண்ணீருக்குள் போனது.

சேற்றில் விழுந்து எழுந்து அவனிடம் போனேன். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். இருபத்தைந்து வருஷமாகக் கல் தூக்கிய கை என்னுடையது. அவனை அசைக்க முடியவில்லை.

அது ஒரு ஆளின் கனமில்லை.

டோர்கஸிடம் என்ன சொல்வேன்? அந்த நினைப்பில்தான் எனக்குக் குரல் வந்தது.

"ஆழம்! ரொம்ப ஆழம்! வீட்டுக்குப் போம்மா!"

வளைவு என் குரலைத் திருப்பித் தந்தது. சட்டென்று அவன் உடல் லேசானது. கரைக்கு இழுத்துப் போட்டு முதுகில் அறைந்தேன். தண்ணீரைக் கக்கிவிட்டு மூச்சு விட்டான். போய்விட்டாள் என்று நினைத்தேன். அவனை வேனில் கிடத்தி, பதினெட்டு மைல், ஒரு இடத்திலும் நிறுத்தாமல் ஓட்டினேன்.

வீட்டில் அவனை மாடியறையில் படுக்க வைத்துக் கம்பளி போர்த்தினோம். கை கால் அசைக்கக்கூட அவனுக்குத் திராணியில்லை. தவறி விழுந்துவிட்டான் என்று மட்டும் டோர்கஸிடம் சொன்னேன். அவள் சூடான சூப்பை எடுத்துக்கொண்டு மேலே போனாள். நான் அடுப்பருகே உட்கார்ந்து, நனைந்த காலணிகளைக் கழற்றினேன்.

சற்று நேரத்தில் கீழே வந்தாள். முகத்தில் கோபமும் சிரிப்பும் கலந்திருந்தன.

"ஏங்க, அவனோட ஒரு பொண்ணு வந்திருக்கான்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? பாவம், தொப்பலா நனைஞ்சுபோய் கட்டிலோரமா உக்காந்திருக்கா. வாயே திறக்கல. என் உடுப்புல எது பொருந்துதோ எடுத்துப் போட்டுக்கம்மான்னு சொல்லிட்டு வந்தேன்."

மேலே, அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.