கடைத் தண்ணீர்

தொட்டியில் மிதந்த பிளாஸ்டிக் பை சூடாக இருந்தது. மழையில் நனைந்துகொண்டு வந்த பை. அவள் மறுபடி தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல்காரன் நெற்றி போலக் கொதித்தது. உள்ளே கருஞ்சிவப்பு ஃபைட்டர் மீன் செவுளை விரித்து, எதிரில் ஒன்றுமே இல்லாத பக்கத்தைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தது.

“தண்ணி சுடுதுங்க” என்றாள்.

“நீ இப்படி உத்து உத்துப் பார்த்தா அதுக்குக் கோபம் வராதா?” என்றான் கணவன். கொழுந்தன் சிரித்தான்.

அண்ணனும் தம்பியுமாக ஒரு மெக்கானிக் ஷெட் நடத்துகிறார்கள். நகமும் சதையும். ஒருவர் மேல் ஒருவர் கை ஓங்கியதாக மாமியார்கூடச் சொன்னதில்லை. வந்த வீட்டில் அவளுக்கு மிகவும் பிடித்ததே அதுதான்.

மீன்கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பையை அரை மணி மிதக்கவிட வேண்டும். பிறகு மீனை அந்தத் தண்ணீரோடு கிண்ணத்துக்கு மாற்றி, கடைத் தண்ணீரைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வீட்டுத் தண்ணீரை ஊற்ற வேண்டும். “இன்னொன்னைப் பார்க்காத வரைக்கும் இது சாதும்மா. கண்ணாடியில தன்னையே பார்த்தாலும் பாயும்” என்றும் சொன்னார்.

கணவனுக்குக் கரண்டி வேலை ஆகாது. புது டியூப் ஒன்றை வெட்டி, ஒரு முனையை மீன் இருந்த கிண்ணத்தில் விட்டு மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான். ஷெட்டில் வண்டிகளிலிருந்து பெட்ரோல் எடுப்பது இப்படித்தான்.

“வாய்க்குள்ள போயிடப் போகுதுங்க.”

“பெட்ரோலையே இழுக்கிறவன். தண்ணி என்ன பண்ணிடும்?”

சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த இழுப்பில் ஒரு மடக்கு உள்ளே போய் இருமினான். “நகருண்ணே, உனக்கு வயசாயிடுச்சு” என்று தம்பி டியூபை வாங்கினான். அவனும் ஒரு வாய் விழுங்கினான். முகத்தைச் சுளித்தான். தண்ணீர் ஓடத் தொடங்கியது.

தொட்டியில் விட்டதும் மீன் செவுளை மடக்கிக்கொண்டு, முகத்தில் அடித்தாலும் கோபம் வராத ஆள் போல, மெதுவாகச் சுற்றி வந்தது. நடுவே மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுப் போனது. “பார்த்தியா, பழகிடுச்சு” என்றான் கணவன். குரல் கரகரத்தது. அவன் சட்டை மாற்ற அறைக்குள் போனான், தம்பி வாய் கொப்பளிக்கக் குளியலறைக்குப் போனான்.

அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மழைச் சத்தத்துக்கு அடியில் அறையிலிருந்து இன்னொரு சத்தம் வந்தது, ஈரமான ஒன்று திறந்து மூடி, திறந்து மூடுவது போல. எட்டிப் பார்த்தாள். கணவன் பீரோ கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்றிருந்தான். கழுத்து இருபுறமும் புடைத்திருந்தது. வாய் திறந்தது. மூடியது. நெற்றியால் கண்ணாடியை இடித்தான்.

மறுபடியும் இடித்தான்.

அவள் போர்வையை உருவிக் கண்ணாடி மேல் எறிந்தாள். சட்டென்று அடங்கினான். “தலை வலிக்குதும்மா” என்று கட்டிலில் உட்கார்ந்தான். நெற்றி ரத்தம் மூக்கில் வழிந்தது.

குளியலறையில் கண்ணாடி நொறுங்கியது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடினாள். இரண்டு கதவையும் வெளியே தாழ்ப்பாள் போட்டாள். இவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. அது ஒன்றுதான் வேண்டும். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். ரோட்டில் தண்ணீர், தாமதமாகும் என்றார்கள்.

“அண்ணி.” குளியலறைக்குள்ளிருந்து கொழுந்தனின் குரல், அவனுடைய பழைய குரல். “கை கிழிஞ்சிடுச்சு அண்ணி. ரத்தம் நிக்கல.”

“துண்டை இறுக்கிக் கட்டுங்க தம்பி. ஆளுங்க வர்றாங்க.”

“ஒரு கையால முடியல அண்ணி. கண்ணு இருட்டுது.”

கதவிடுக்கில் ரத்தம் எட்டிப் பார்த்தது. அறைக்குள் கணவன் அழ ஆரம்பித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அழுது அவள் கேட்டதில்லை.

“திறம்மா. அவன் என் தம்பி. நான் தூக்கி வளர்த்தவன். செத்துடுவான்ம்மா.”

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அந்த அழுகையை அவள் நம்பினாள். பயத்தோடுதான் நம்பினாள். அவனை வெளியே விட்டாள். குளியலறைத் தாழ்ப்பாளையும் நீக்கினாள்.

“அண்ணே” என்றான் தம்பி.

“டேய்” என்றான் அண்ணன்.

அவ்வளவுதான். கண்ணோடு கண் பட்டது. இரண்டு கழுத்தும் புடைத்தன. பக்கவாட்டில் திரும்பினார்கள். சுற்றினார்கள், மெதுவாக, தோளைக் காட்டி. அவள் நடுவே பாய்ந்தாள். சுவரில் போய் விழுந்தாள்.

வாயோடு வாய் கவ்விக்கொண்டார்கள். கடித்தபடியே தரையில் சரிந்தார்கள். அவள் கணவனின் முடியைப் பிடித்து இழுத்தாள். கத்தினாள். அடித்தாள். அவர்கள் விடவில்லை.

பிறகு விட்டார்கள், இருவரும் ஒரே நேரத்தில். முகத்தைக் கூரைப் பக்கம் தூக்கி ஒரு வாய்க் காற்றை விழுங்கினார்கள். அந்த இடைவெளியில் கணவன் அவளைப் பார்த்தான். தெளிந்த கண். அவள் பெயரைச் சொல்ல முயன்றான். சொல்ல உதடு இல்லை.

பிறகு திரும்பித் தம்பியின் வாயைக் கவ்வினான்.