முன்கூட்டி எழுதிய முப்பது நாள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்மணிகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு புளுகனின் கதை சொல்கிறேன்.

மின்சார மீட்டர் பார்த்து அளவெடுக்கும் வேலை அவனுக்கு. பாதி வீடுகளுக்குப் படியேற மாட்டான். டீக்கடையில் உட்கார்ந்தபடி, போன தடவை எண்ணோடு குத்துமதிப்பாக எதையாவது கூட்டி எழுதிவிடுவான். ‘நாளைக்கு’ என்பது அவன் பட்டப்பெயர். நாளைக்குக் குடியை விடுவான், நாளைக்கு நடப்பான், நாளைக்கு மகளிடம் கத்தாமல் இருப்பான்.

மனைவி ஒரு நோட்டை அவன் முன்னால் வைத்தாள். “ஒரு மாசம். தினம் என்ன செஞ்சீங்க, எங்க சறுக்குனீங்கன்னு நீங்களே எழுதுங்க. திருந்தலைன்னா, நானும் புள்ளையும் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுறோம்.”

அந்த மகா புத்திசாலி, ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில், பேனாவை மாற்றி மாற்றி முப்பது நாளையும் எழுதி முடித்தான். ஐந்தரைக்கு எழுந்தேன். நடந்தேன். குடிக்கவில்லை. குரல் உயர்த்தவில்லை.

செவ்வாய்க்கிழமை முகத்தில் வெயில் சுட எழுந்தவன், வாசலில் தன் செருப்பு ஈரமண் அப்பிக் கிடப்பதையும், தான் நுழையாத குளியலறையிலிருந்து சோப்பு மணத்தோடு வெந்நீர் ஆவி வருவதையும் கண்டு, புளித்த வாயோடு நின்றான்.

“நடந்துட்டு வந்து, சாப்பிட்டு, மறுபடி படுத்தாச்சா?” மனைவி சிரித்தாள். அவள் சிரித்து வருஷக்கணக்காகியிருந்தது.

“ஆமா” என்றான், வெட்கங்கெட்டவன். யாரோ பட்ட பாட்டுக்குக் கிடைத்த சிரிப்பை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, குடிக்கப் போனான்.

பத்தாம் நாள் மகள் தலையைத் தடவினான். அவள் நெளிந்தாள். “உங்க கை ஏம்பா இப்படி ஜில்லுனு இருக்கு? காலைல சூடா இருந்துச்சே.”

அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் போய்விடுவார்களே. நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தான்.

அதன்பின் அவன் சாப்பிட உட்கார்ந்தால், ஏற்கெனவே யாரோ சாப்பிட்டு முடித்த அவன் தட்டு கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. கூப்பிட்டால் யாரும் திரும்பவில்லை.

முப்பதாம் நாள் காலை. கூடத்தில் சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தான்.

மனைவி. மகள். நடுவில் ஒரு முதுகு. அவன் சட்டை. அவன் பிடரி. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தது.

கத்த வாயைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை. விரலால் தடவினான். மூக்குக்குக் கீழே வழவழவென்று தோல். உதடு இல்லை. கீறல்கூட இல்லை.

“அப்பா, அங்க என்னமோ நிக்குது.”

“பயப்படாதடா கண்ணு.” அவன் குரல்தான். அத்தனை மென்மை. “நாந்தான் இருக்கேன்ல.”

மனைவி எழுந்து வந்து, அந்த வாயில்லாத முகத்தை நேராகப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது அவளுக்கு. மெதுவாகக் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

உங்கள் வீட்டில் சிரிப்பு குறையாதிருக்கட்டும், கண்மணிகளா. அதைச் சம்பாதித்தவர் நீங்களாகவே இருக்கட்டும்.