காய்ந்துபோன விரிப்புகள்

பிற்பகல் 3.20. சலவைக்கூடத்தின் உலர்த்தும் அறையில், கொடிகளுக்கு நடுவே அந்த மனிதர் குப்புறக் கிடந்தார். வயது ஐம்பத்தெட்டு, அதில் இருபது வருடம் இந்தச் சூட்டிலேயே வெந்தவர். அவருடைய மனைவி அதே கூடத்தில் துணி மடிப்பவள். சாப்பிட்டுவிட்டு மற்றவர்களோடு திரும்பிய அவள்தான் முதலில் பார்த்தாள். உடனே வெப்பத்தை அணைத்தார்கள்.

3.50. பெண் காவல் ஆய்வாளர் வந்து சேர்வதற்குள் மாரடைப்பு என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். இறந்தவருக்கு இதயக் குழாயில் அடைப்பு இருந்தது கூடத்துக்கே தெரியும். "காலைல மாத்திரை எடுத்துக் குடுக்க மறந்துட்டேன் மேடம். நான்தான் கொன்னுட்டேன்" என்று மனைவி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேற்பார்வையாளன் அவளுடைய சொந்தத் தம்பி. இரண்டு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள், அப்போதுதான் மாமா ஈரப் படுக்கை விரிப்புகளை உள்ளே கொண்டுபோனார், கதவு கடைசிவரை அகலத் திறந்தே இருந்தது, தான் மட்டும் வெளியே இயந்திரத்தருகே நின்றதாகச் சொன்னான். கேட்பதற்கு முன்பே பதில் வந்தது. அந்தச் சுறுசுறுப்பு ஆய்வாளருக்குப் பிடிக்கவில்லை.

காவல்துறை மருத்துவர் உடலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஒரு வேளை மாத்திரை தப்பினா ஆள் போயிடமாட்டாரு. சூட்டுல தோலுக்கும் ரத்தம் தள்ளணும்னு இதயம் மாடா உழைக்கும். அப்ப அதுக்கே கூடுதல் ரத்தம் வேணும். குழாய் அடைச்சிருந்தா கிடைக்காது. பல பேருக்கு வலிகூடத் தெரியாது."

4.30. ஆய்வாளர் கொடியில் தொங்கிய விரிப்பைத் தொட்டார். மொடமொடவென்று காய்ந்திருந்தது. இது காய எவ்வளவு நேரமாகும் என்று அந்த மனைவியிடமே கேட்டார்.

"கதவு சாத்தினா ஒரு மணி நேரம். திறந்து கெடந்தா மூணு மணி நேரமாவும்" என்றாள் அவள்.

ஆய்வாளர் தம்பியின் பக்கம் திரும்பினார். "ரெண்டு மணிக்கு ஈரம். மூணு இருபதுக்கே சூட்ட அணைச்சாச்சு. ஆனாலும் சுத்தமா காய்ஞ்சிருக்கு. கதவு சாத்தித்தான் இருந்திருக்கு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். வெளிய இருந்தது நீங்க ஒருத்தர்தான்."

அதற்குமேல் அவன் மறைக்கவில்லை. விடுதிக்காரர்களுக்கு நாலு மணிக்கு விரிப்பு போயாக வேண்டும். உள்ளே நின்று அவற்றைத் திருப்பிப் போட வேண்டிய மாமாவோ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காற்றுக்கு வெளியே வந்தார். கூடவே சூடும் வெளியேறியது. அதனால் தாழிட்டானாம். மூன்றேகாலுக்குத் திறந்து, மாமா கிடப்பதைப் பார்த்தவன், கதவை அகலத் தள்ளி வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல இயந்திரத்தருகே போய் நின்றுகொண்டான். மாமாவுக்குச் சூடு ஆகாது என்று மருத்துவமனையில் சொன்னபோது, துணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் இதே மகராசன்தான்.

"ஒரு தடவ தட்டினாருக்கா. இன்னும் அஞ்சு நிமிஷம் மாமான்னேன். அப்புறம் தட்டவே இல்ல. நல்லாத்தான் இருக்காருன்னு நெனச்சேன்."

அக்காவின் அழுகை நின்றுவிட்டது.

"ஒரு தடவ தட்டினது உனக்குப் பத்தலையாடா?" என்று கேட்டாள்.