பின்பக்கத்தில் இரண்டு பேர்

அந்த நூலகத்தில் முதல் நாளே அவளுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். முப்பத்தாறு வயது, பத்து வயதில் ஒரு மகள், இடது கண்ணுக்குக் கீழே ஆறிக்கொண்டிருந்த ஒரு காயம். இப்படி வந்து நின்றவளை எல்லோரும் 'புதுசு' என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு அது பிடித்தே இருந்தது. பழைய வாழ்க்கையை விட்டு வெளியே வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

பட்டியல் அறை கட்டடத்தின் பின்கோடியில் இருந்தது. நாலு படி இறங்க வேண்டும். ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் குழல் விளக்கு எரிந்தால்தான் கை தெரியும். பழைய காகிதமும் பசையும் கலந்த வாசனைக்கு அடியில் துருப்பிடித்த இரும்பின் வாசனை ஒன்று எப்போதும் இருக்கும். சுவரோரமாக ஆளுயர மரப்பெட்டிகள். அவற்றில் நூற்றுக்கணக்கான சின்ன டிராயர்கள், டிராயருக்குள் கட்டுக்கட்டாகக் கார்டுகள். ஒவ்வொரு கார்டின் அடியிலும் நட்டநடுவில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கும். அத்தனை ஓட்டைகளையும் கோத்துக்கொண்டு நீளமான இரும்புக் கம்பி ஒன்று போகும். கார்டு சேர்க்கவோ எடுக்கவோ வேண்டுமென்றால் கம்பியை உருவ வேண்டும். உருவும்போது 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். முதல் நாள் அதைக் கேட்டதும் அவளுக்குப் பல் கூசியது.

வேலை கற்றுக்கொடுத்தவள் அவளைவிட ஏழு வயது சின்னவள். பெயருக்கேற்ற வாய் என்பார்கள். இவளுக்கு வாய்க்கேற்ற பெயர். வாயாடி.

"அக்கா, இது ஒண்ணும் பெரிய வித்தையில்ல. ஒரு புஸ்தகம் கைக்கு வந்தா மூணு கேள்வி. யாரு எழுதினது? எதைப் பத்தினது? இதைத் தேடி வர்றவங்க வேற எந்தப் பேருல தேடுவாங்க? முதல் கேள்விக்கு மெயின் கார்டு. ரெண்டாவதுக்குப் பகுப்பு எண். மூணாவதுக்குப் பதில் எத்தனை பேரோ, அத்தனையையும் மெயின் கார்டுக்குப் பின்பக்கம் சிவப்பு மையில வரிசையா எழுதணும். அந்தப் பேரு ஒவ்வொண்ணுக்கும் தனிக் கார்டு. ஒண்ணு எழுதி முடிச்சா பின்பக்கம் அந்தப் பேருக்கு நேரா ஒரு டிக்."

"எதுக்கு இவ்வளவு?"

"நாளைக்கு அந்தப் புஸ்தகத்தைத் தூக்கிப் போடணும்னா? பின்பக்கத்தைப் பார்த்துத்தானே மத்த கார்டை எல்லாம் தேடி எடுப்பீங்க. இன்னொண்ணும் இருக்கு. மெயின் கார்டுக்கு அப்படியே ஒரு நகல் எடுத்து, எண் வரிசையில அந்த இரும்பு பீரோவுல வைக்கணும். அது ஆபீசுக்கு மட்டும். வெளியாளுங்க கண்ணுல படாது. எல்லாரும் கோட்டை விடுறது இங்கதான்."

எழுதியவரின் பிறந்த வருடத்தைப் போட்டுப் பக்கத்தில் ஒரு கோடு போட வேண்டும். ஆள் இறந்த பிறகுதான் கோட்டுக்கு அடுத்து வருடம். அதைச் சொல்லும்போது மட்டும் வாயாடியின் குரல் இறங்கியது.

"தெரியலைன்னா காலியா விட்டுடுங்க. குத்துமதிப்பா மட்டும் போட்டுடாதீங்க. இங்க ஒருத்தர் இருந்தாரு. சிவப்பு மைக்காரர்னு சொல்லுவாங்க. பட்டியல் தலைவர். அவரோட உதவியாளன், உயிரோட இருந்த ஒரு எழுத்தாளருக்குச் செத்த வருஷத்தைப் போட்டுட்டான். இவரு அவன் கையை டிராயருக்குள்ள வெச்சு அடிச்சு மூடினாராம். நாலு விரல் போச்சு. அவன் மிச்சமிருந்த கையால கம்பியை உருவி இவரு வயித்துலயே இறக்கிட்டான். தோ, நீங்க உக்காந்திருக்கிற இடம்தான்."

புதுசு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"சாகிறப்போ என்ன சொன்னாரு தெரியுமா? 'கார்டு தப்பாகக் கூடாது.' அந்த எழுத்தாளரும் அந்த வருஷமே போய்ச் சேர்ந்துட்டாரு. கார்டு தப்பாகல."

"சும்மா பயமுறுத்தாதே."

"பயமா? அவரு நமக்கு உதவிதான்க்கா. பாதி எழுதி வெச்ச கார்டு செட்டு காலையில பார்த்தா முழுசா இருக்கும், நகலோட. சம்பளமில்லாத ஆளு, விடுவோமா?" என்று வாயாடி சிரித்தாள். அவளுக்கு எல்லாமே சிரிப்புதான்.

இரண்டாவது வாரம் பயிற்சி வந்தது. நன்றாகத் தெரிந்த ஓர் ஆளைப் புத்தகமாக நினைத்துக்கொண்டு ஒரு செட் எழுதிப் பார்க்கச் சொன்னாள் வாயாடி. பழகும் கார்டு என்று தெரிய மூலையை வெட்டிவிட வேண்டும், சாயங்காலம் கிழித்துப் போட்டுவிட வேண்டும். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

புதுசு யோசிக்கவே இல்லை. கணவனின் பெயரைத்தான் எழுதினாள்.

பன்னிரண்டு வருடம் படித்த புத்தகம் அல்லவா. இவன் எதைப் பற்றியவன்? பகுப்பு எண் புத்தகத்தைப் புரட்டினாள். அவன் பார்க்கும் லேத் பட்டறைக் கடைசல் வேலைக்கு ஓர் எண் இருந்தது, குடிக்கு ஓர் எண் இருந்தது. ஒரு புத்தகத்துக்கு ஓர் இடம்தான், எது தூக்கலாக இருக்கிறதோ அதுதான் என்று வாயாடி சொல்லியிருந்தாள். மணிக்கட்டை முறித்த நாள் ஞாபகம் வந்தது. மகளைக் கொடியில் துணி போடுவதுபோல் ஜன்னல் கம்பியில் மடித்துத் தொங்கவிட்டுவிட்டு அவன் சிரித்த நாளும் ஞாபகம் வந்தது. கொடுமை என்ற தலைப்பின் எண்ணை எடுத்து எழுதினாள். இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை ஓர் எண்ணாக எழுதிவிட்டதில் அவளுக்கு நெஞ்சு லேசானது.

பிறந்த வருடம் போட்டாள். கோடு போட்டாள். பேனா நிற்கவில்லை. கோட்டுக்கு அடுத்து இந்த வருடத்தைப் போட்டாள். செத்துத் தொலையட்டும்.

கார்டைத் திருப்பினாள். இவனைத் தேடி வருகிறவர்கள் வேறு எந்தப் பெயரில் தேடுவார்கள்? சிவப்பு மையில், ஒன்று, மனைவி என்று தன் பெயர். இரண்டு, மகள் பெயர். பயிற்சி என்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் இல்லையா?

அப்போது போன் அடித்தது. மகளின் பள்ளியிலிருந்து. கணவன் வாசலில் நின்று பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். புதுசு போட்டது போட்டபடி ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் காவலாளி அவனை விரட்டியிருந்தார். மகளின் கையில் ஐந்து விரலும் பதிந்து கன்றியிருந்தது. "நாளைக்கு வருவேன், ரெண்டு பேரையும் முடிச்சுடுறேன்" என்று கத்திவிட்டுப் போனானாம்.

மூலை வெட்டாத கார்டு மேஜைமேல் கிடந்தது.

மறுநாள் பதினோரு மணிக்குப் போலீஸ் கூப்பிட்டது. மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, பிணவறைக்குத் தனியாகத்தான் போனாள்.

"கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சும்மா. உடைச்சுத்தான் உள்ள போனோம். எந்த ஆயுதமும் கிடைக்கல" என்றார் காவலர்.

துணியை விலக்கினார்கள். முகத்தில் கீறல்கூட இல்லை. வாய் மட்டும் பிளந்து, பற்கள் இரண்டு உடைந்து, நாக்கைக் கடித்திருந்தான். வலியில் கடித்திருக்க வேண்டும். துணி இன்னும் கீழே இறங்கியது. தொப்புளுக்கு அடியில், நட்டநடுவில், வட்டமாக ஓர் ஓட்டை. முன்னால் குத்தி முதுகு வழியாக வெளியே போயிருந்தது. எலும்பும் அதே வட்டத்தில் அறுபட்டிருந்தது. விளிம்பு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அது பாதியிலேயே நின்றுபோனது.

பின்பக்கம்.

அவள் நூலகத்துக்கு ஓடி வந்தபோது மணி மூன்று. மேலே வாசகர்கள் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தார்கள். வாயாடி மேலே யாருக்கோ புத்தகம் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புதுசு நாலு படியையும் ஒரே தாவலாகத் தாவி இறங்கினாள்.

மேஜைமேல் கார்டு இல்லை.

கணவன் பெயரின் முதல் எழுத்து இருந்த டிராயரை இழுத்தாள். இருந்தது. இடம் பிசகாமல் கோத்து வைக்கப்பட்டிருந்தது. கம்பியை உருவி எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒன்று, மனைவி. அதற்கு நேராக ஒரு டிக். விரலை வைத்தாள். ஒட்டியது.

இரண்டுக்கு நேராக ஒன்றும் இல்லை.

பின்னால் எங்கேயோ ஒரு டிராயர் தானாகத் திறந்தது.

சர்ர்ர்.

அவள் பெயருக்குரிய டிராயர். பாய்ந்து போய்ப் பார்த்தாள். கட்டின் நடுவே வெள்ளையாகப் புதுக் கார்டு ஒன்று. அவள் பெயர், அவள் பிறந்த வருடம், கோடு, இந்த வருடம். எழுத்து அவளுடையது இல்லை. சாய்ந்த, நெருக்கமான, பழங்காலத்துக் கையெழுத்து.

அந்த டிராயரின் கம்பி முழுதாக வெளியே வந்து அந்தரத்தில் நின்றது.

ஓடத் தோன்றவில்லை. துரு வாசனை மூக்கை அடைத்தது. யாரோ வயதானவர் மூக்கால் மூச்சுவிடும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. கம்பி மெதுவாக அவள் வயிற்றுக்கு நேராகத் திரும்பியது.

"தப்பு என்னோடது. பிள்ளையை விட்டுடுங்க" என்றாள்.

"கார்டு தப்பாகக் கூடாது" என்றது காதோரம்.

கம்பி பாய்ந்தது. பக்கவாட்டில் ஒதுங்கிக்கொண்டே இடது கையை நீட்டித் தடுத்தாள். உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்து, கையைப் பெட்டியோடு சேர்த்து மரத்தில் இறங்கியது. அவள் அலறினாள். கம்பி நிற்கவில்லை. திருகாணி திருகுவதுபோல் சுழன்றது. உள்ளே எலும்பு நொறுங்குவது அவளுக்கே கேட்டது. பக்கத்து டிராயர்கள் ஒவ்வொன்றாகத் திறந்து அவள் விலாவிலும் தோளிலும் இடித்து இடித்து மூடின.

அடி வாங்கிப் பழகிய உடம்பு. பன்னிரண்டு வருடம் வாங்கியதில் ஒன்று மட்டும் கற்றிருந்தாள்: அடி விழும்போதும் பிள்ளை எங்கே என்று பார்க்க.

கணவனின் கார்டு இன்னும் வலது கையில் இருந்தது. பின்பக்கத்தில் எழுதினதுதான் கணக்கு. எழுதினதை அடித்தால்? திருத்தம் சிவப்பில் இருந்தால் சிவப்பு மைக்காரர் மறுக்க மாட்டார். சிவப்புக்கு அங்கே என்ன பஞ்சம்? கார்டைப் பெட்டிமேல் வைத்து, ஆணியடித்ததுபோல் நின்ற கையிலிருந்து வழிந்ததைத் தொட்டு, முதலில் இரண்டை அடித்தாள். குறுக்கே ஒரு கோடு. பிறகுதான் ஒன்றை அடித்தாள்.

கம்பி நின்றது.

மூச்சுச் சத்தம் அவள் தோளுக்கு மேலே குனிந்து கார்டைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு கம்பி தானாகக் கையைவிட்டு உருவிக்கொண்டு தரையில் விழுந்து உருண்டது.

சத்தம் கேட்டு வாயாடி வந்து பார்த்தபோது புதுசு இரண்டு கார்டுகளையும் தீக்குச்சி வைத்துக் கொளுத்திக்கொண்டிருந்தாள். வாயாடி தன் துப்பட்டாவால் அவள் கையை இறுக்கிக் கட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கையில் மூன்று முறை கத்தி வைத்தார்கள். இரண்டு விரல் மடங்கவே இல்லை. இருந்தாலும் அதற்கடுத்த மூன்று வாரம் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். கதவைத் தாழ்ப்பாள் போடாமல்கூடத் தூங்கினாள். மகள் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தாள். அப்பாவோடு இருந்த வீட்டில் அவள் பாடி யாரும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் பல் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வயித்துல என்னமோ குத்துதும்மா."

"எங்க, காட்டு."

சட்டையைத் தூக்கினாள். தொப்புளுக்கு அடியில், நட்டநடுவில், பென்சிலின் பின்பக்கத்தை அழுத்தி வைத்து எடுத்ததுபோல் சிவப்பாக ஒரு வட்டம்.

புதுசு தன் சேலையை விலக்கிப் பார்த்தாள். அங்கேயும் இருந்தது. கொஞ்சம் ஆழமாகவே இருந்தது.

எதை விட்டோம், எதை விட்டோம் என்று யோசித்தாள். மெயின் கார்டு போயிற்று, தன் கார்டு போயிற்று. அப்புறம்தான் அந்த வார்த்தை வந்தது. நகல். எண் வரிசையில், இரும்பு பீரோவில், வெளியாள் கண்ணில் படாதபடி சிவப்பு மைக்காரர் எழுதி வைத்திருக்கும் நகல். அதன் பின்பக்கத்தில் எழுதின இரண்டு பெயரையும் யாரும் அடிக்கவில்லை.

வாயாடிக்குப் போன் போட்டாள். நூலகத்தை ஒட்டியே அவள் வீடு, சாவியும் அவளிடம்தான்.

"பீரோவைத் திற. கொடுமைங்கிற தலைப்புக்கு என்ன எண்ணோ, அந்த இடத்துல பாரு. சீக்கிரம் போ."

ஓடும் சத்தம், பூட்டு, படி இறங்கும் செருப்பு, பீரோக் கதவின் கிரீச். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகக் குந்தினாள்.

"இருக்குக்கா, கார்டு இருக்கு."

"திருப்பு. பின்பக்கம் பாரு. டிக் இருக்கா?"

கார்டைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"சொல்லுடி!"

"ரெண்டு பேருக்கு நேராவும் இருக்குக்கா." குரல் அழுதது. "மை இன்னும் காயல."

"சிவப்புப் பேனா எடு! ரெண்டையும் அடி!"

அந்தப் பக்கம் வாயாடி எதையோ தட்டிவிட்டுத் தேடும் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னாலிருந்து, நிதானமாக, கம்பி உருவும் சத்தம் கேட்டது.