ஆறு வாரத்து மாத்திரைகள்

ஞாயிறு, காலை 9.20. வேலூர்.

காணாமல் போனது ஒரு மருந்து. காணாமல் போன இடம், ஆறு வயது கோகுல்ராஜின் ரத்தம்.

அவனுக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை நடந்து ஐந்து மாதம் ஆகிறது. செல்களைக் கொடுத்தவள் பதினொரு வயது அக்கா சுபலட்சுமி. அந்த செல்கள் இப்போது தம்பியின் உடம்பை அந்நியமாக நினைத்துத் தாக்குகின்றன. உடம்பெல்லாம் செந்தடிப்பு, ஓயாத வயிற்றுப்போக்கு. தாக்குதலை அடக்கும் மாத்திரை ரத்தத்தில் துளியும் இல்லை.

"ரெண்டு வேளையும் தவறாம குடுத்தோங்க" என்று அழுதாள் அம்மா அபிதகுசாம்பாள்.

டாக்டர் ஜெகநாதன் நர்ஸ் சிவசங்கரியைத் தனியே அழைத்தார். "கொடுத்தும் ரத்தத்துல ஏறலைன்னா இன்னும் கடுமையான மருந்துக்குப் போகணும். மிச்சமிருக்கற எதிர்ப்பு சக்தியும் போயிடும். நாலு மணிக்குள்ள எனக்குக் காரணம் தெரியணும்."

சிவசங்கரி எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. ஆரணியில் அவர்கள் வீட்டுக்குக் கிளம்புமுன் பையனைப் பார்த்தாள். தண்ணீர் டம்ளரை ஒரு சொட்டு சிந்தாமல் வாங்கிக் குடித்தான். ஆறு வாரத்துக்கு முன் இதே கை நடுங்கிச் சட்டையெல்லாம் நனைத்திருந்தது. அந்த ஒன்றாவது தேறியதே என்று நினைத்துக்கொண்டாள்.

காலை 11.50. ஆரணி.

அப்பா லோகநாதன் பட்டுத்தறியை விட்டு எழுந்து வந்தார்.

"மாத்திரை எங்க வாங்கினது?"

"உங்க ஆஸ்பத்திரியிலதாங்க."

காலி அட்டைகளை நீட்டினார். எண்ணிப் பார்த்தாள். கணக்கு சரியாக இருந்தது.

"முழுங்கிட்டு வாந்தி எடுத்தானா?"

"இல்லீங்க."

"கஷாயம், நாட்டு மருந்து?"

"சத்தியமா இல்லீங்க."

"கையில எடுத்துக் குடுக்கறது யாரு?"

"சுபாதாங்க. அந்த மாத்திரை எண்ணெய்ப் பிசுக்கு, நாத்தம் வேற. நாங்க ரெண்டு பேரும் பட்டுல கைய வச்சிகினு இருப்போம். கறை பட்டா சேலையே போச்சுங்க."

ஜன்னலோரம் சுபலட்சுமி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். இழை அறுந்தது. முடிச்சுப் போட மூன்று முறை முயன்றும் முடியவில்லை.

"முன்னெல்லாம் ஜல்தியா போட்டுடும். தம்பி கவலை, ஒரு மாசமா கை நிக்கறதில்ல" என்றார் லோகநாதன்.

சிவசங்கரி அருகே போய்க் குனிந்து பார்த்தாள். சிறுமியின் நெற்றியிலும் கன்னத்திலும் கருகருவென்று பூனைமுடி.

"மருந்து கிடைச்சுடுச்சு, லோகநாதன். சாப்பிட்டது உங்க பொண்ணு."

"இன்னாங்க பேசறீங்க? அதுக்கு இன்னா நோவு?"

"அந்த மாத்திரை சாப்பிட்டா கை நடுங்கும், முகத்துல முடி வளரும். பையன் கையில நடுக்கம் நின்னுபோச்சு. காலையில கண்ணால பார்த்துட்டு, தேறிட்டு வரான்னு நெனச்சேன், முட்டாள் நான். அந்த நடுக்கம் இங்க இருக்கு."

லோகநாதன் கையை ஓங்கினார். சிவசங்கரி குறுக்கே நின்றாள்.

"ஏன்மா சாப்பிட்டே?"

"நீங்கதான சிஸ்டர் சொன்னீங்க, என்னோடதுதான் தம்பிய அடிக்குதுன்னு? அடிக்கறவங்கதான மாத்திரை சாப்டணும்? அவன் ஒண்ணும் பண்ணலியே." விசும்பினாள். "அவனுக்கும் அந்த நாத்தம் புடிக்காது. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னான்."

சொன்னது உண்மை. ஆறு வாரத்துக்கு முன், போன முறை வந்தபோது, அம்மாவுக்குப் புரியட்டும் என்று சிவசங்கரிதான் அப்படி எளிமையாக விளக்கினாள். பக்கத்து ஸ்டூலில் இந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் தனியாக ஒரு வார்த்தை பேச யாருக்கும் தோன்றவில்லை. குற்றவாளி என்று யாரையாவது சொல்லத்தான் வேண்டுமென்றால் அது தான்தான் என்று சிவசங்கரிக்குத் தெரிந்தது.

மதியம் 12.40. போனில் சொன்னாள்: "டாக்டர், அவன் ஆறு வாரமா மாத்திரை சாப்பிடவே இல்ல, அக்கா சாப்பிட்டிருக்கா. பழைய மருந்தையே மறுபடி ஆரம்பிங்க. அவளையும் கூட்டிட்டு வரேன், அந்த மருந்து கிட்னியைக் கெடுத்திருக்கான்னு டெஸ்ட் பண்ணணும்."

"நல்லவேளை. ஆனா ஆறு வாரம் போயிடுச்சே, சிவசங்கரி. பிழைப்பான்னு என்னால சொல்ல முடியாது."

போனை வைத்ததும் சுபலட்சுமி அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் குடுத்தத திருப்பி எடுத்துடுங்க சிஸ்டர்."

"அதனாலதான்மா அவன் இன்னிக்கு உயிரோட இருக்கான்."

"அப்புறம் ஏன் அவன அடிக்குது?"

விளக்கம் நாக்கு நுனி வரை வந்தது. சிவசங்கரி அதை விழுங்கிவிட்டுச் சிறுமியைக் கட்டிக்கொண்டாள்.

"தெரியல கண்ணு" என்றாள்.