தோளில் கனக்காத பை

காலை ஒன்பதே காலுக்கு நர்ஸ் திரும்பி வந்தபோது, விடுதிச் சமையலறையில் சர்வேயர் ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தார். அந்நேரம் அவள் ஆகாயத்தில் இருந்திருக்க வேண்டும். விடிகிற வேளையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பியவள், இப்போது தொப்பலாக நனைந்து வாசலில் நின்றாள். முதுகுப் பையைச் சுற்றிப் பாலித்தீன் தாளைப் போர்த்திக் கயிற்றால் கட்டியிருந்தாள். அதன் கிழிசல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பாஸ்போர்ட்டக் காணோம் சார். பிளேன் போயிடுச்சு."

சர்வேயர் கத்தியைக் கீழே வைத்தார். முப்பது வருஷம் காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கவிழ்ந்த லாரிகளைச் சோதித்து அறிக்கை எழுதிய மனிதர். பதற்றம் என்பது அடுத்தவர்களுக்கு என்று முடிவுகட்டிவிட்டவர். அவருடைய மச்சினன் அப்படியில்லை. மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் துப்பறியும் நாவல் படித்தவர். நாற்காலி பின்னால் சாய எழுந்தார்.

"திருட்டு! அத்தான், நான் அப்பவே சொன்னேன்!"

"நீ எப்பவும் சொல்லுவ. முதல்ல அந்தப் பொண்ணுக்கு ஒரு துண்டு எடுத்துட்டு வா."

வெளிநாட்டில் விடுமுறைக் காலம் என்றால் ஒரே கும்மாளம் என்று நினைத்து டிக்கெட் எடுத்தவர்களுக்கு அந்த ஊர் நல்ல பாடம் புகட்டியிருந்தது. ஊர்க்காரர்கள் அவரவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைகள் மூடிக் கிடந்தன. மூன்று நாளாக மழை விடவில்லை. பையும் பெட்டியுமாகச் சுற்றுகிற இந்த ஐந்து பேர் மட்டும் எட்டுக் கட்டில் அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்வேயர், மச்சினன், நர்ஸ், கேமராக்காரர், அப்புறம் எல்லோருக்கும் மூத்த ஊர்சுற்றியான அக்கா. பதினெட்டு நாளைக்கு முன்பு ஒரு ரயிலில் தமிழ்ப் பேச்சு காதில் விழுந்து ஒட்டிக்கொண்ட கூட்டம் அது.

நர்ஸ் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். பாஸ்போர்ட்டை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பையின் அடியில் வைத்திருந்தாள். விமான நிலையத்தில் திறந்தபோது டப்பா இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

"கடைசியா எப்ப பாத்தம்மா?" என்றார் சர்வேயர்.

"நேத்து மத்தியானம், பை கட்டறப்ப. ஷூ, புத்தகம், டப்பா, கனமானதெல்லாம் அடில. ஸ்லீப்பிங் பேக், அந்தத் தூங்கற பைய மேல திணிச்சுக் கட்டினேன். சாயங்காலம் குளிக்கப் போனேன், அப்புறம் சமையல். ஒரு மணி நேரம் ரூம்ல இல்ல."

அந்த ஒரு மணி நேரத்தில் சர்வேயரும் மச்சினனும் ரொட்டிக் கடை தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். அறையில் இருந்தது அக்காவும் கேமராக்காரரும்தான்.

"டப்பா அடியில இருக்கறது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும். பத்திரமா இருக்குன்னு நானே காட்டிச் சிரிச்சேன்."

"ஏர்போர்ட்ல பையத் திறந்ததும் என்ன பண்ணின?"

"பெஞ்சு மேல கவுத்துக் கொட்டினேன். தூங்கற பை மட்டும் அடியில சிக்கிக்கிச்சு, கைய விட்டு இழுத்தேன். அப்புறம் எல்லாத்தையும் வாரி அள்ளிப் போட்டுட்டு ஓடி வந்தேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "காலைல போறப்ப பை பூ மாதிரி இருந்துச்சு சார். மத்த நாள் தோள் பிஞ்சு போகும். அப்பாவப் பாக்கப் போறோம்ல, அந்த நெனப்புதான்னு நெனச்சேன்."

"பாஸ்போர்ட் போனதால கனம் குறைஞ்சிருக்கும்," என்றார் மச்சினன். சர்வேயர் பார்த்த பார்வையில் ரொட்டியைக் கையிலெடுத்துக்கொண்டார்.

"அப்பாவுக்கு நெஜமா எப்படிம்மா இருக்கு?"

"ரெண்டு நாள், மிஞ்சிப்போனா மூணு நாள்னு டாக்டர் சொல்லிட்டாரு. இங்க யார்கிட்டயும் சொல்லல. கொஞ்சம் முடியலன்னு மட்டும் சொன்னேன். எல்லாரும் லீவுக்கு வந்திருக்காங்க, எதுக்கு அவங்க மனசக் கெடுக்கணும்? சாயங்காலப் பிளேன்ல ஒரே ஒரு சீட் இருக்காம். பாஸ்போர்ட் கையில இருந்து, பன்னெண்டு மணிக்குள்ள நம்பரச் சொன்னாத்தான் உண்டு. விட்டா ஆறு நாளைக்கு எதுலயும் இடமில்ல. தூதரகமும் மூடியிருக்கு."

மச்சினன் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஒரு மணி நேரத்தில் கேமராக்காரரின் சக்கரப் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் குடைந்தார். அதை மூட மூன்று பேர் ஏறி உட்கார வேண்டியிருந்தது. கேமராக்காரர் கோபத்தில் சிவந்துபோனார். அக்கா தன் பையைத் தானே திறந்து காட்டினாள். ஒவ்வொரு துணியும் சுருட்டி வைத்த இடத்தில் இருந்தது. மெத்தைக்கு அடி, அலமாரி, குப்பைத்தொட்டி எதையும் மச்சினன் விடவில்லை. பாஸ்போர்ட் மட்டும் கிடைக்கவில்லை.

"என் பையையும் பாத்துட்டேன் அத்தான். நியாயம்னா நியாயம்," என்று மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். அவருடைய பை ஜன்னலோரக் கொக்கியில் தொங்கியது. அதன் மேல் மழைக்குப் போட்ட மஞ்சள் உறை காய்ந்துகொண்டிருந்தது.

"இந்தப் பையும் நர்ஸோட பையும் ஒரே கம்பெனி இல்ல?"

"அச்சு அசல் ஒண்ணுதான். நிறம்தான் வேற."

"முதல் வாரம் தோள் வலி, தோள் வலின்னு பொலம்பினியே. இப்ப எப்படி?"

"அது அக்கா புண்ணியம். தூங்கற பைய அடில போட்டு, கனமானத நடுவுல, முதுக ஒட்டினாப்புல அடுக்கிக் குடுத்தாங்க. அன்னிலேர்ந்து வலியே இல்ல."

சர்வேயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்டுபிடித்த மனிதருக்கு முகத்தில் கொஞ்சமாவது தெளிவு வரும். இவருக்கு வரவில்லை. "எல்லாரையும் ரூமுக்குக் கூப்பிடு மாப்ள," என்றார்.

மணி பதினொன்று இருபது. ஐந்து பேரும் ஆளுக்கொரு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்கள். நர்ஸின் ஈரப் பை நடுவில் தரையில் கிடந்தது.

"லாரி கவுந்தா நான் முதல்ல டிரைவரப் பாக்க மாட்டேன்," என்று ஆரம்பித்தார் சர்வேயர். "பாரம் எப்படி ஏத்தியிருக்காங்கன்னு பாப்பேன். ஏத்தின கை அதுல தெரியும். இந்தப் பொண்ணு தூங்கற பைய மேல வெச்சுக் கட்டியிருக்கு. ஏர்போர்ட்ல அது அடியில சிக்கிக்கிட்டு கடைசியா வந்திருக்கு. அதே சாமான், அதே கனம், ஆனா தோள் வலிக்கல. அப்படின்னா நடுவுல யாரோ மொத்தப் பையையும் பிரிச்சு, திரும்ப அடுக்கியிருக்காங்க. அதுவும் முறையா."

"அடிலேர்ந்து டப்பாவ எடுக்கறதுக்காக!" என்றார் மச்சினன்.

"ஆமா. திருட வந்தவனா இருந்தா கொட்டிப்போட்டுட்டுப் போயிருப்பான். அவசரத்துல திணிச்சிருந்தா முன்ன இருந்தத விடக் கனத்திருக்கும். பெட்டிய மூடவே ஆள் தேடற தம்பியால இது ஆகாது. வருஷக்கணக்கா முதுகுல பை சுமந்த கைக்குத்தான் தப்பா அடுக்கினதப் பாத்தா பொறுக்காது. தன்னையறியாம சரி பண்ணிடும்."

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்," என்று மச்சினன் உற்சாகமாகச் சொல்லி, நர்ஸைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

யாரும் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

"ஆனா அக்கா பையிலயும் இல்லையே அத்தான்?"

"இருக்காது. எடுத்துக்கணும்னு எடுக்கல. இந்தப் பொண்ணு பாலித்தீனப் போத்திக்கிட்டு வந்துச்சே, ஏன்? உன் பையில மழையுறை எங்கேர்ந்து வந்துச்சு?"

மச்சினன் வாயைப் பிளந்தார். சர்வேயர் குனிந்து நர்ஸின் பையைப் புரட்டினார். அடிப்பாகத்தில் மடிப்புக்குள் ஒரு ஜிப் இருந்தது. உள்ளே பிரிக்காத மஞ்சள் உறை, அதற்குள் பாஸ்போர்ட். இத்தனை நாளாகத் தோளில் சுமந்தவளுக்கு அப்படி ஒரு அறை இருப்பதே தெரியாது.

நர்ஸ் அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அக்கா பேசினாள்.

"சாயங்காலம் நானே தேடிக் கண்டுபிடிச்ச மாதிரி எடுத்துக் குடுத்திருப்பேன். நாளைக்கு இவங்க மூணு பேரும் கிளம்பறாங்க. நீயும் போயிட்டா இந்த ரூம்ல நான் மட்டும்தான். ஒன்பது வருஷமா ஒவ்வொரு லீவுக்கும் இதே கதை. கூட சுத்துவாங்க, நம்பர் வாங்கிப்பாங்க, ஒருத்தர் திரும்பக் கூப்பிட மாட்டாங்க. நீதான் எனக்குக் காய்ச்சல் வந்தப்ப பக்கத்துலயே உக்காந்திருந்த. அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலன்னுதானே சொன்ன? நாலஞ்சு நாள் தள்ளிப்போனா என்னன்னு..."

"ரெண்டு மூணு நாள்தான்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா," என்றார் சர்வேயர்.

அக்காவின் முகத்தில் ரத்தம் வற்றியது. "எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அதற்குள் நர்ஸின் கைபேசி அடித்தது.

"அண்ணன்," என்று சொல்லிவிட்டுக் காதில் வைத்தாள். கேட்டாள், "சரிண்ணா" என்றாள், மறுபடியும் "சரிண்ணா" என்றாள். கைபேசியை மடியில் வைத்தாள்.

"இங்க ஒன்பதரை மணியா இருக்கறப்பவே போயிட்டாராம். எனக்கு எப்படிச் சொல்றதுன்னு இவ்வளவு நேரம் தவிச்சிருக்காங்க."

கேமராக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மச்சினன் எதையோ கணக்குப் போட்டுப் பார்த்து, ஆறுதல் என்று நினைத்து மெல்லச் சொன்னார். "காலைப் பிளேன்ல போயிருந்தாலும் பாத்திருக்க முடியாதும்மா. அந்நேரம் நடுவானத்துலதான் இருந்திருப்ப."

அக்கா அந்தப் பேச்சைக் கொழுகொம்பாகப் பற்றிக்கொண்டவள் போல நர்ஸைப் பார்த்தாள். சர்வேயருக்கு அந்தப் பார்வையைக் காணச் சகிக்கவில்லை.

"தெரியும்," என்றாள் நர்ஸ். அவள் குரல் உயரவே இல்லை. "ஆனா பிளேன்ல போன் வேலை செய்யாதுக்கா. பதினோரு மணி நேரம். அப்பா இருக்காரு, போய்ப் பாத்துடலாம்னு நெனச்சுக்கிட்டே போயிருப்பேன். அந்தப் பதினோரு மணி நேரமும் எனக்கு அவர் உயிரோட இருந்திருப்பாரு."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் பாஸ்போர்ட்டைப் பிரித்து, விமான நிறுவனத்தின் எண்ணை அழுத்தி, எண் எண்ணாக வாசிக்க ஆரம்பித்தாள். அப்போது பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.